அத்தையோடு தேயிலைக் காட்டில் நான்கு நாள்

"குளிரப் பாக்கக் காசு குடுத்துப் போறீங்களா?"

தசரா விடுமுறைக்குக் கோத்தகிரி போகலாம் என்று என் கணவர் சொன்னதும் அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கறேன். நான் பாக்காத மலையா?"

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வீடு. அத்தை என் மாமியார், வயது 62. பதினெட்டு வருடம் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். மாமா கொத்தனார் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அத்தை மலையில் பிறந்தவர் என்று எனக்குத் தெரியும். எனக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவர் சொன்னது "முன்னாடி தோட்டத்துல இருந்தோம்" என்ற ஒரே வரி. நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது என் தவறு. அதனால்தான் இதை எழுதவும் உட்கார்ந்தேன்.

2024 கோடையில் பெங்களூரில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. எங்கள் தெருவில் போர்வெல் வற்றி, டேங்கர் வரும் நேரத்துக்குத்தான் துணி துவைப்பது என்று ஆனது. அந்த மாதங்களில்தான் மலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை வீட்டில் எல்லோருக்கும் வந்தது. ஆனால் கோத்தகிரி என்ற பெயரை என் கணவர் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இருந்தது. அத்தை பதினொரு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை இருந்த இடம் அதன் பக்கத்தில்தான். 1984இல் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் பஸ் ஏறியவர், அவருடைய அப்பா அம்மா இறந்தபோது போய் வந்ததைத் தவிர அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போகணும்" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அத்தையைச் சம்மதிக்க வைத்தவள் எங்கள் ஒன்பது வயது மகள். "அப்பாயி வரலன்னா நானும் வரல" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே அத்தை கோதுமை மாவு வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

நீலகிரிக்கு வெளியூர் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7இலிருந்து இந்த ஏற்பாடு. செல்போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டோம். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். விலங்குகள் சாலையைக் கடக்கும் நேரம் அது. நல்ல ஏற்பாடு, அதற்கேற்பத்தான் நாம் கிளம்ப வேண்டும். விடியற்காலை நான்கரைக்குப் புறப்பட்டு, மைசூர், நஞ்சன்கூடு, குண்டல்பேட் தாண்டி எட்டரைக்குப் பந்திப்பூரில் நுழைந்தோம்.

காடு முடிந்து தெப்பக்காடு வந்ததும் வழி இரண்டாகப் பிரியும். மசினகுடி, கல்லட்டி வழியாக ஏறினால் தூரம் குறைவு, ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்றமும் செங்குத்து. அத்தைக்குத் தலை சுற்றும் என்பதால் கூடலூர் வழியைப் பிடித்தோம். சுற்றுதான், ஆனாலும் இந்த வழியைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். கூடலூர் தாண்டி நடுவட்டம் நோக்கி ஏறும்போது மலையின் உடம்பு மாறுவது கண்ணுக்குத் தெரியும். மூங்கில் போய், பெருமரங்கள் போய், ஒரு திருப்பத்தில் திடீரென்று தேயிலை.

அங்கே வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். அத்தை கட்டிக்கொண்டு வந்தது தேங்காய் போட்ட கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, புளிப்புக்கு எலுமிச்சை. இட்லி தோசை வீட்டில் வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் இந்த ரொட்டி கனமாக இருந்தது. இப்போது மாதத்தில் இரண்டு முறை நானே கேட்பேன். அந்தக் குளிர்காற்றில் நின்று சாப்பிட்டபோதுதான் ஒன்று புரிந்தது. காலை ஐந்து மணிக்குச் சுட்டு வைத்தால் பதினொரு மணிக்கும் கெடாது, கையில் பிடித்தபடியே சாப்பிடலாம், மதியம் வரை வயிறு தாங்கும். வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாடு அது.

அத்தை சாப்பிடவில்லை. சாலையோரத் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கவாத்து வெட்டி ரெண்டு வருசம் ஆயிருக்கும்" என்றார், கிளைகளைத் தறித்துவிடுவதைச் சொன்னார். எங்களிடம் சொன்னது போலவும் இல்லை.

ஊட்டியை நாங்கள் நிற்காமல் கடந்தோம். அங்கிருந்து தொட்டபெட்டா மலையின் தோளைச் சுற்றிக் கிழக்கே இறங்கினால் கோத்தகிரி. இந்தத் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து நிறுத்துவது இதுதான். அதனால் ஜூன், ஜூலையில் கூடலூர்ப் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும்போது கோத்தகிரியில் அவ்வளவு மழை இருக்காது. கோத்தகிரியின் மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வருவது. நாங்கள் போனது அந்த மழை தொடங்கும் நேரம். காலையில் வெயில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மூடுபனி, அப்புறம் தூறல். நான்கு நாளும் இதே கணக்கு. பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். கோத்தகிரி அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். கார் கதவைத் திறந்ததுமே மகள் ஸ்வெட்டரைத் தேடினாள். அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டதோடு சரி.

தங்கியது ஒரு படகர் குடும்பத்தின் வீட்டில். மேல்மாடியில் இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறார்கள். வீட்டைச் சுற்றி அவர்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய அம்மா எண்பதைத் தாண்டியவர், வெள்ளைத் துணி உடுத்தி வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துப் படக மொழியில் ஏதோ கேட்டார். நாங்கள் மூவரும் விழித்தோம். என் மகள் சட்டென்று கன்னடத்தில் பதில் சொன்னாள்! பள்ளியில் கன்னடம் படிக்கிறவள். "பெங்களூர்லேர்ந்தா வர்றீங்கன்னு கேக்கறாங்கம்மா" என்றாள். படகம் கன்னடத்துக்கு மிக நெருங்கிய மொழி. தண்ணீருக்கு நீரு, வீட்டுக்கு மனெ, வா என்பதற்குப் பா. மைசூர்ச் சீமையிலிருந்து முன்னோர்கள் மலையேறி வந்ததாகப் படகர்களிடையே வழங்கும் கதையை வீட்டுக்காரர் சொன்னார். அன்று மாலை முழுவதும் அந்தப் பாட்டியும் என் மகளும் ஆளுக்கொரு மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹோம்வொர்க்கில் கன்னடம் வந்தாலே முகம் சுளிப்பவள், அதன் பிறகு ஒரு நாளும் சுளிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணி. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. எழுந்து பார்த்தால் அத்தை கட்டிலில் இல்லை. கீழே தேயிலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் மகள். நான் இறங்கிப் போவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அப்பாயி, எல்லாச் செடியும் ஏன் ஒரே ஒசரத்துல இருக்கு?"

நான் மூணாறு போயிருக்கிறேன், வால்பாறை போயிருக்கிறேன், குன்னூர் இரண்டு முறை. மலை முழுக்கப் பச்சைக் கம்பளம் என்று படம் போட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. தேயிலை அப்படித்தான் வளரும் என்று இருந்துவிட்டேன்.

"செடி இல்ல கண்ணு, இது மரம். விட்டா இந்த வீட்டு ஒசரம் போவும்" என்றார் அத்தை. "விடறதில்ல. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா முட்டி ஒசரத்துக்குக் கவாத்து வெட்டுவாங்க. அப்புறம் தளிர் வரும். அத நாமதான் மட்டம் புடிச்சுக் கொண்டுவரணும்."

வேலியோரம் கிடந்த குச்சிகளில் நேரான ஒன்றைத் தேடி எடுத்தார். இரண்டடி நீளம் இருக்கும். அதன் சிறு கிளைகளை விரலாலேயே முறித்துவிட்டு, தேயிலை மேல் படுக்க வைத்தார். "இதுதான் மட்டக்கம்பு. கம்புக்கு மேல தல தூக்குது பாரு, அதத்தான் எடுக்கணும். கீழ இருக்கறது அடுத்த வாரத்துக்கு. அதுல கை வெச்சா கங்காணி கத்துவாரு."

குச்சிக்கு மேலே அங்கங்கே வெளிர்பச்சையில் தளிர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு இலை, நடுவில் சுருண்ட ஒரு மொட்டு. அதுதான் கொழுந்து. அத்தை கையைக் கொண்டுபோனதைத்தான் பார்த்தேன், எடுத்ததைப் பார்க்கவில்லை. இரண்டு கையும் வேறு வேறு பக்கம் போய் வந்தன. உள்ளங்கையை விரித்தபோது ஒரு பிடி கொழுந்து இருந்தது, அதில் ஒரு முற்றிய இலைகூட இல்லை. நகத்தால் கிள்ளக்கூடாதாம், நகம் பட்ட இடம் கறுத்துவிடுமாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து லேசாக ஒடிக்க வேண்டும். "டக்குன்னு சத்தம் வரணும். வரலன்னா அது முத்தல்."

நானும் முயன்றேன். அரை மணி நேரத்தில் ஒரு சின்னத் துணிப்பைகூட நிறையவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு கொழுந்து ஒரு கிராம்கூட இருக்காது. ஆயிரத்துக்கு மேல் ஒடித்தால்தான் ஒரு கிலோ. அத்தை வேலை பார்த்த காலத்தில், நல்ல கொழுந்து இருக்கிற மாதத்தில், ஒரு நாளைக்கு 25 கிலோ எடுத்திருக்கிறார். அந்தக் கூடையின் பாரத்தை நெற்றியில் வாங்கிக்கொண்டு சரிவில் ஏறி நிறுவைக்குப் போக வேண்டும். காலில் அட்டை. மழையென்றாலும் நிறுத்த முடியாது, மழையில்தான் கொழுந்து அதிகம் வரும். ஏழெட்டு நாளுக்கு ஒரு முறை அதே செடிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு சுற்று தவறினால் முற்றிவிடும், மட்டமும் போய்விடும்.

அன்று காலை எதிர்மலையைப் பார்த்தேன். சரிவு முழுக்க அதே சீரான பச்சை. அதில் ஒவ்வொரு செடியின் தலையும் ஒவ்வொரு வாரமும் ஒரு பெண்ணின் கைக்குக் கீழே வந்து போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைப் பழையபடி பார்க்க முடியவில்லை. அழகு குறையவில்லை. எனக்கு அது முன்பைவிட அதிகமாகத்தான் தெரிந்தது. ஆனால் இயற்கை அழகு என்ற வார்த்தையை இனி அங்கே என்னால் பயன்படுத்த முடியாது.

அத்தை அதைத் தேயிலைக் காடு என்றுதான் சொல்கிறார். எங்கள் ஊரில் கொல்லைக்காடு, சோளக்காடு என்று சொல்வது போல. விளையும் இடம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுற்றுலா இடங்களில் கூடையும் உடுப்பும் வாடகைக்குக் கொடுத்துக் கொழுந்து பறிப்பது போல் படம் எடுக்கிறார்கள். என்னிடமும் அப்படி ஒரு மூணாறு படம் உண்டு. நெற்றியில் கூடைக் கயிறு, சிரித்த முகம். வீட்டில் சுவரில் மாட்டியிருந்தேன். பன்னிரண்டு வருடமாக அத்தை அதைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றினேன்.

இரண்டாம் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் போய்விட்டது. வீட்டுக்காரர் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அத்தை எங்களுக்குச் சாயத்தண்ணி போட்டார். பால் இல்லாத தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். அப்போதுதான் பேசினார். நான் கேட்டேன், அவர் சொன்னார், இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது.

பிறந்தது இலங்கையில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து போனவர். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரே அறை, முன்னால் ஒரு திண்ணை. அம்மா மலைக்குப் போகும்போது தம்பியைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், விட்டுவிட்டுப் போவார். அத்தை தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தார்.

அதற்குப் பின்னால் இருந்த பெரிய கணக்கை நான் தனியாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். சுதந்திரம் வந்த 1948இலேயே ஒரு சட்டம் கொண்டுவந்து, தேயிலைத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை இலங்கை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடில்லாமல் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களைக் கேட்டுப் போட்ட ஒப்பந்தம் இல்லை அது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அத்தைக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1973இல் ஒரு நாள் அப்பா தகரப்பெட்டி வாங்கி வந்தார். பக்கத்து லயத்துச் சனங்கள் எல்லாம் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். கோச்சி, அதாவது ரயில், கிளம்பும்போது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். தலைமன்னாரில் கப்பல், சில மணி நேரத்தில் ராமேஸ்வரம். "கடல அன்னைக்குத்தான் பாத்தேன். எல்லாரும் வாந்தி எடுத்தாங்க, நான் எடுக்கல." அப்புறம் மண்டபம் முகாம். மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வெயில் தாங்கவில்லை, தம்பிக்கு உடம்பெல்லாம் கொப்பளம்.

இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. வனத்துறையின் கீழ் இருந்தவை 1976இல் டான்டீ என்ற கழகமாயின. அத்தையின் அப்பா அம்மாவுக்குக் கோத்தகிரிப் பக்கம் வேலை கிடைத்தது. "மறுபடி குளுரு. மறுபடி தேயில. அம்மா வந்து எறங்குனதும் ஒரு கொழுந்த ஒடிச்சு மோந்து பாத்துச்சு. இதுவும் அதேதான்னு சொல்லிச்சு. அதுக்கப்புறம் அது அழுது நான் பாத்ததில்ல."

பதினெட்டு வயதில் அத்தையும் பேர் பதிந்து மலைக்குப் போனார். நான்கு வருடம். என் கணவர் இதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது வயது மனிதர். கரிச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார். "நீ சின்னப் புள்ளையா இருக்கறப்ப நான் வீட்டுக்கு வரவே ராத்திரி ஒம்போது மணி" என்றார் அத்தை.

மூன்றாம் நாள் ஊர் சுற்றினோம். கோடநாட்டுக் காட்சிமுனையில் பனி மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. குன்னூரில் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் நின்று பார்த்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரை வந்த பாதை, 1908இல் ஊட்டி வரை நீண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் உண்டு, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். குன்னூரில் எஞ்சின் மாறும். அத்தை "கோச்சி" என்றார். மகளுக்கு இப்போது அந்த வார்த்தை தெரியும்.

அன்று பிற்பகல் ஒரு தேயிலை ஃபேக்டரிக்குள் போனோம். உள்ளே நுழைந்ததும் வரும் வாசனைக்காகவே போகலாம். பறித்த இலையை நீளமான தொட்டிகளில் பரப்பிக் கீழிருந்து காற்று விடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாடி, இலை துணி போல் துவண்டுவிடுகிறது. அப்புறம் பல் வைத்த உருளைகள் நடுவே போகும். நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற இந்த முறைதான் சி.டி.சி. 1930வாக்கில் அசாமில் கண்டுபிடித்தது. வெளியே வருவது பச்சைத் தூள். அது காற்றுப் பட்டு மெல்ல மெல்லச் செம்பு நிறமாகிறது. என் மகள் அந்த இடத்தை விட்டு நகர மறுத்தாள். பச்சை சிவப்பாவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நின்றாள். சரியான நேரத்தில் சூடுகாட்டி உலர்த்தி அந்த மாற்றத்தை நிறுத்துவதில்தான் தேயிலைக்காரரின் திறமை. நேரம் பிசகினால் ருசி போச்சு.

நாலு கிலோ, நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் என்று வைத்தால் ஒரு கிலோவுக்கு 500 கோப்பை. மகள் செல்போனில் கணக்குப் போட்டாள். அத்தை ஒரு நாள் எடுத்த 25 கிலோவுக்கு ஏறக்குறைய 2,800 கோப்பை. "நம்ம தெருமுனைக் கடையில ஒரு டீய ரெண்டாப் பிரிச்சு பை-டூ வாங்கினா அதுல டபுள்!" என்றாள். வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த தூளை அத்தை உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்து, மூன்றாவது வகையைக் காட்டி அதை வாங்கச் சொன்னார். விலையில் அது நடுத்தரம். இப்போது தினமும் அதைத்தான் குடிக்கிறோம்.

நான்காம் நாள் காலை கிளம்புவதாக இருந்தோம். வீட்டுக்காரரின் தேயிலையில் அன்று கொழுந்து எடுக்கும் நாள். மூன்று பெண்கள் வந்திருந்தார்கள், மூவரும் ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். இப்போது நீலகிரியில் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய. உள்ளூர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். சிறு தோட்டக்காரர் நிலைமையும் நன்றாக இல்லை. பச்சை இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைப்பதில்லை. கிலோவுக்கு 33.50 ரூபாய் ஆதரவு விலை கேட்டு 2023இல் இந்தப் பக்கத்துப் படகர்கள் தொடர் உண்ணாவிரதமே இருந்தார்கள். கூலி கொடுத்தது போக என்ன நிற்கிறது என்று வீட்டுக்காரர் கையை விரித்துக் காட்டினார். கையால் ஒடித்தால் கட்டாது என்று இப்போது பெரும்பாலும் கத்தரிதான். பை கட்டிய பெரிய கத்தரி. அன்று அந்தப் பெண்கள் கையிலும் அதுதான் இருந்தது.

மூவரில் ஒரு பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பு நழுவிக்கொண்டே இருந்தது. செடிக்குள் நடக்கும்போது கிளை குத்தாமல் இருக்கக் கட்டுவது அது. அத்தை காலத்தில் சாக்கு, படங்கு என்பார்கள். திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தை டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் பீகார், ஒடிசாப் பிள்ளைகளோடு வேலை பார்த்ததில் அத்தைக்கு ஓரளவு ஹிந்தி வரும். "ஐசா நஹி பேட்டி" என்று அவள் விரிப்பை அவிழ்த்து, மேல் விளிம்பை உள்ளே இரண்டு மடிப்பு மடித்து, கயிறு கொடுத்து, இடது பக்கம் முடிச்சுப் போட்டார். அந்தப் பெண் ஓர் எட்டு நடந்து பார்த்துச் சிரித்தாள். எந்த ஊர், அம்மா இருக்கிறார்களா, ராத்திரி என்ன சாப்பிட்டாய், அட்டைக்கு உப்பு வைத்திருக்கிறாயா என்று அத்தை கேட்டுக்கொண்டே போனார். பேசிக்கொண்டே கை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மட்டக்கம்பு இல்லை, கூடை இல்லை. சேலை முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு, கத்தரி போன வரிசைக்குப் பக்கத்து வரிசையில் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார். என் கணவர் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மைசூரில் மதியச் சாப்பாடு என்ற திட்டத்தை நாங்கள் விட்டுவிட்டோம்.

பத்தரைக்கு நிறுவை. வீட்டுக்காரர் தராசைத் தொங்கவிட்டு, மூட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, நோட்டில் பேரும் எடையும் எழுதினார். கடைசியில் அத்தை மடியை அவிழ்த்து ஒரு துணிப்பையில் கொட்டி நீட்டினார். மூன்று கிலோ நானூறு கிராம்.

"கைக்கொழுந்து பாருங்க, கலப்படமே இல்ல" என்று வீட்டுக்காரர் அதை அள்ளி அள்ளி விட்டார். "இந்த மாதிரி எல பாத்து வருசமாச்சும்மா."

"அப்ப எனக்குப் பேர் போடுவீங்களா?" என்றார் அத்தை.

மகளுக்குப் புரியவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் கூலி என்றால் ஒரு பேர். நாள் முழுக்க எடுத்தால் முழுப்பேர், பாதி நாள் என்றால் அரைப்பேர் என்று அத்தை அவளுக்குச் சொன்னார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பேனாவை மகளிடம் கொடுத்தார். அவள் தராசுக்கு அடியில் மண்டியிட்டு, நோட்டை முழங்காலில் வைத்து, நான்காவது வரியில் அப்பாயியின் பெயரை முழுதாக எழுதினாள். பக்கத்தில் 3.400. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அரை.

வீட்டுக்காரர் பணத்தை நீட்டியபோது நாங்கள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தோம். அத்தை அதற்குள் கையை நீட்டி வாங்கி, எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.